நான்கு நண்பர்கள், ஒரு சாப்பாட்டு மேசை: விக்டோரியா காலப் போர் விளையாட்டை எந்த வழியில் தொடங்கலாம்?

நீராவியில் நடக்கும் எந்திரம், வானில் மிதக்கும் போர்க்கப்பல், செவ்வாயிலிருந்து வந்திறங்கும் முக்காலி எந்திரங்கள், அவற்றை எதிர்த்து நிற்கும் சிவப்புச் சட்டைச் சிப்பாய்கள். விக்டோரியா கால அறிவியல் புனைவை மேசைமேல் கொண்டுவரும் மினியேச்சர் போர் விளையாட்டு, அதாவது சிறு பொம்மைப் படைகளை விதிப்படி நகர்த்திப் பகடை உருட்டி ஆடும் விளையாட்டு, மனத்தைப் பிடித்துக்கொள்வது இவற்றால்தான். ஆசை வந்ததும் பலர் முதலில் பொம்மைகளை வாங்குகிறார்கள். விதிப்புத்தகம் அப்புறம். மேசையைப் பற்றிய நினைப்பு கடைசியில். சிங்கப்பூரில் அந்த வரிசையில் போனால், வண்ணம் பூசாத அறுபது வீரர்கள் அலமாரி உச்சியில் பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பார்கள்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இந்த விளையாட்டைத் தீர்மானிப்பவை இரண்டு: மேசை எவ்வளவு பெரியது, ஆட்டம் முடிந்ததும் அதை எவ்வளவு சீக்கிரம் காலி செய்யலாம். அந்த மேசையில் மறுநாள் காலை பிள்ளை வீட்டுப்பாடம் எழுத வேண்டும். எந்த விதிமுறை, எந்த அளவுப் பொம்மை என்ற கேள்விகளுக்கு விடை அங்கிருந்துதான் கிடைக்கும். நான்கு பேர் சேர்ந்து ஆடப்போகிறார்கள், மூன்று மணி நேரம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு இருக்கும் வழிகளை ஒப்பிடுவோம்.

முதலில் அளவுநாடா

நால்வர் அமரும் சாப்பாட்டு மேசை ஏறக்குறைய 120 செ.மீ. நீளம், 75 செ.மீ. அகலம். அறுவர் மேசை என்றால் 150க்கு 90. பெரும்பாலான விதிநூல்கள் பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ எழுதப்பட்டவை. அவை எதிர்பார்க்கும் ஆடுகளம் 6 அடிக்கு 4 அடி, அதாவது 183க்கு 122 செ.மீ. நம் மேசையில் அது அடங்காது. 3 அடிக்கு 3 அடிக் களம் என்றால் முடியும். 90க்கு 45 செ.மீ. அளவில் இரண்டு பலகைகளை ஒட்டிப் போட்டால் 75 செ.மீ. மேசையில் பக்கத்துக்கு ஏழரை செ.மீ. மட்டும் வெளியே நீட்டும். கீழே வழுக்காத ரப்பர் வலை விரிப்பு ஒன்று கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் யாராவது முழங்கை ஊன்றும்போது களமே நகர்ந்துவிடும்.

இரண்டு மடக்கு மேசைகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் 6க்கு 4 கிடைக்கும். ஆனால் வரவேற்பறை நாற்காலிகள் படுக்கையறைக்குப் போக வேண்டும். சமூக மன்றத்தில் அறை எடுத்தால் இடப் பிரச்சினை தீரும், ஆனால் களத்தையும் படையையும் மின்தூக்கியில் ஏற்றி, ரயிலில் கொண்டுபோய், திரும்பக் கொண்டுவர வேண்டும். மாதம் ஒருமுறை என்றால் சரி, வாராவாரம் என்றால் இரண்டாவது மாதத்திலேயே ஆள் குறைய ஆரம்பிக்கும்.

தரையில் ஆடுவதும் ஒரு வழி. முக்காலி எந்திரங்களைக் கற்பனை செய்த ஹெச். ஜி. வெல்ஸ் 1913ல் பொம்மைச் சிப்பாய்ப் போருக்கு விதிநூலும் எழுதினார். அவர் ஆட்டம் தரையில்தான் நடந்தது. 60 செ.மீ. தரைக்கல் மூன்றை நீளத்துக்கும் இரண்டை அகலத்துக்கும் எடுத்தால் 6க்கு 4 களம் செலவில்லாமல் கிடைத்துவிடும். முழங்கால் வலி இல்லாதவர்களுக்கும், வீட்டில் தவழும் குழந்தையோ பூனையோ இல்லாதவர்களுக்கும் இது பொருந்தும்.

வழி ஒன்று: ஆளுக்குப் பத்து வீரர்கள்

‘இன் ஹெர் மெஜஸ்டீஸ் நேம்’ 2013ல் ஆஸ்ப்ரே வெளியிட்ட சிறு நூல், எழுதியவர்கள் கிரெய்க் கார்ட்மெல், சார்லஸ் மர்ட்டன். ஒரு தரப்புக்குப் பத்து வீரர்கள் இருந்தால் ஆட்டம் தொடங்கிவிடலாம். 28 மி.மீ. உயரப் பொம்மைகள், பத்து முகப் பகடை. ஒவ்வொரு வீரருக்கும் தனி எண்கள், தனித் திறமைகள். குண்டு பட்டவர் தன் நெஞ்சுரத்துக்குப் பகடை உருட்டுவார். தேறினால் நிற்பார், தேறாவிட்டால் ஆட்டத்தை விட்டுப் போவார். யாருக்கு எத்தனை காயம் என்று பக்கத்தில் வில்லை வைத்து எண்ணும் வேலை இல்லை. சிறிய மேசைக்கு இது பெரிய நிம்மதி.

இதன் பலம் ஆட்களின் தனித்தன்மை. பைத்தியக்காரப் பேராசிரியர், அவருடைய மின்சாரத் துப்பாக்கி, விசுவாசமான ஹவில்தார் என்று பத்துப் பேருக்கும் பெயர் வைத்து ஆடலாம். மூன்றாவது ஆட்டத்தில் அந்த ஹவில்தார் விழுந்தால் மேசையைச் சுற்றி உண்மையான வருத்தம் தெரியும். இந்த அளவு நெருக்கம் மற்ற வழிகளில் கிடைப்பதில்லை.

குறை எங்கே என்றால், இது இரண்டு பேர் ஆட்டமாகப் பிறந்தது. இரு தரப்பும் மாறி மாறி ஒவ்வொரு வீரராக நகர்த்த வேண்டும். நான்கு பேர் ஆளுக்குப் பத்து வீரர்களோடு உட்கார்ந்தால் மேசையில் நாற்பது பேர். ஒரு சுற்று முடிவதற்குள் இருவர் கைத்தொலைபேசிக்குள் போய்விடுவார்கள். நான்கு பேர் என்றால் இருவர் இருவராகச் சேர்ந்து, ஆளுக்கு ஐந்து அல்லது ஆறு வீரர்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இன்னொன்று, திறமைகளை மறந்துவிடுவது. ஆட்டம் முடிந்த பிறகு “அடடா, இவனுக்குக் கவசம் இருந்ததே” என்று யாராவது சொல்லாமல் இருக்க மாட்டார்கள். ஒவ்வொரு வீரருக்கும் பெயர் அட்டை அளவில் ஒரு சீட்டு எழுதி, செயல்பட்டதும் அதைக் கவிழ்த்து வைத்தால் யார் நகர்ந்தார், யார் நகரவில்லை என்ற தகராறும் சேர்த்துத் தீரும்.

வழி இரண்டு: எந்திரமே நாயகன்

இந்த வகை விளையாட்டில் நடக்கும் எந்திரம் வெறும் பீரங்கி வண்டியாக நடந்துகொண்டால் பாதிச் சுவை போய்விடும். அது புகை கக்க வேண்டும், சூடேற வேண்டும், மோசமான நேரத்தில் நின்றுவிட வேண்டும். இதை மிக எளிமையாகப் பிடித்துக் கொடுத்தவர்கள் பக் சர்டு, கிறிஸ் பாமர் இருவரும். அவர்களுடைய ‘கேஸ்லைட்’ விதிகள் இருபது முகப் பகடையில் ஓடுகின்றன. சுடுதல், கைகலத்தல், தப்பித்தல் எல்லாவற்றுக்கும் ஓர் எண். அந்த எண்ணோ அதற்குக் குறைவாகவோ விழுந்தால் வெற்றி. எந்திரங்களுக்கு மட்டும் உள்ளவற்றில் முக்கியமான எண்கள் இரண்டு: கிளம்ப ஒன்று, தொடர்ந்து ஓட ஒன்று.

ஒரு நீராவி நடையனைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். அதன் சீட்டில் கிளம்ப 16, ஓட 18 என்று எழுதியிருக்கிறது. முதல் சுற்றில் 16 அல்லது அதற்குக் கீழே விழுந்தால் கொதிகலன் பிடித்துக்கொண்டது என்று பொருள், அதற்கு வாய்ப்பு 80 விழுக்காடு. அடுத்த சுற்றிலிருந்து ஒவ்வொரு முறையும் 18க்குள் விழ வேண்டும், அதாவது 90 விழுக்காடு. கேட்க வசதியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆறு சுற்று ஆட்டத்தில் முதல் உருட்டலிலேயே கிளம்பி, ஒருமுறைகூட நிற்காமல் ஓடும் வாய்ப்பு 47 விழுக்காடுதான். ஓடும் எண்ணை 19 ஆக்கினால் அது 62க்கு ஏறும். 15 ஆக இறக்கினால் 19க்கு விழும். எந்திரத்தை நீங்களே வடிவமைக்கும்போது இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். ஓடும் எண் 17க்குக் கீழே போனால் எந்திரம் பெரும்பாலான ஆட்டங்களில் மூலையிலேயே நின்றுவிடும். முதல் இரண்டு தடவை எல்லோரும் ரசிப்பார்கள், மூன்றாவது தடவை அதன் உரிமையாளருக்கு முகம் வாடிவிடும்.

இங்கே நடக்கும் பெரிய பிழையும் அதே இடத்திலிருந்துதான் வருகிறது. ஒருவர் தன் படை முழுவதையும் ஒரே எந்திரத்தில் போட்டுவிடுவார். அது நின்றால் அவருக்கு மேசையில் வேலையே இல்லை. ஆளுக்கு ஓர் எந்திரம், அதனோடு எட்டு முதல் பத்துப் பேர் கொண்ட ஒரு காலாட்படை அணி, ஒரு முக்கியப் பாத்திரம் என்று பங்கு பிரித்தால் யாரும் சும்மா உட்கார வேண்டி வராது. அந்த முக்கியப் பாத்திரத்தைப் பொறியாளராக வைத்து, அவர் எந்திரத்தின் பக்கத்தில் இருந்தால் கிளம்பும் எண்ணுக்கு 2 கூட்டலாம் என்று வீட்டு விதி ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்போது எதிரிக்கும் எந்திரத்தை விட்டுப் பொறியாளரைக் குறிவைக்க ஒரு காரணம் பிறக்கும்.

சீட்டுக்கட்டு ஒன்றை வைத்து யார் முறை என்று முடிவு செய்வதால் நான்கு பேர், ஆறு பேர் என்றாலும் ஆட்டம் தாங்கும். யாருடைய சீட்டு வரும் என்று தெரியாததால் யாரும் மேசையை விட்டு எழ மாட்டார்கள். நண்பர் குழுவுக்கு நாங்கள் முதலில் பரிந்துரைப்பது இந்த வழியைத்தான். ஒரே ஒரு நிபந்தனை உண்டு: நால்வரில் ஒருவராவது விதிகளை முன்கூட்டியே படித்து, சந்தேகம் வரும்போது ஒரு முடிவைச் சொல்லி ஆட்டத்தை நகர்த்த வேண்டும். விதிநூல் ஒவ்வொரு மூலைமுடுக்குக்கும் பதில் சொல்லாது. அதை எழுதியவர்களின் நோக்கமும் அதுவல்ல. ஒவ்வொரு வரிக்கும் வழக்காடும் பழக்கமுள்ள நண்பர்கள் என்றால் முதல் வழியே நல்லது.

வழி மூன்று: அணிவகுப்பு

வரிசை வரிசையாகச் சிப்பாய்கள் நின்று சுடும் காட்சிதான் வேண்டும் என்றால் ‘தி மென் ஹூ வுட் பி கிங்ஸ்’ இருக்கிறது. டான் மெர்சி எழுதியது, ஆஸ்ப்ரே 2016ல் வெளியிட்டது. ஆறு முகப் பகடை போதும். தலைவரின் எண்ணை இரண்டு பகடைகளின் கூட்டல் எட்டினால் அணி கட்டளையை நிறைவேற்றும். அந்த எண் 7 என்றால் வாய்ப்பு 58 விழுக்காடு, 6 என்றால் 72, 5 என்றால் 83. தலைவர் மந்தமானவராக அமைந்துவிட்டால் அணி கல்லாக நிற்கும், அந்தக் காலப் படைகளின் கதையைப் படித்தவர்களுக்கு அது வியப்பாக இருக்காது. புதியவருக்குப் பதினைந்து நிமிடத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம்.

பொம்மைகளின் எண்ணிக்கைதான் இடிக்கும். வழக்கமான ஆட்டத்தில் ஒரு தரப்பு 24 புள்ளிகளுக்குப் படை திரட்டும். ஒழுங்குபட்ட காலாட்படை அணிக்குப் 12 பேர், நான்கு அணி சேர்ந்தால் 48. எதிர்த்தரப்பு 16 பேர் அணிகளாக வந்தால் நூறைச் சுலபமாகத் தாண்டும். ஒரு பொம்மைக்கு வண்ணம் பூச ஒரு மணி நேரம் என்று வைத்தாலும், வாரம் நான்கு மணி நேரம் உட்காரும் ஒருவருக்கு 48 பேர் முடிய மூன்று மாதம் ஆகும். களமும் 6க்கு 4 கேட்கும்.

இதிலிருந்து தப்பிக்க அழகான வழி ஒன்று உண்டு. 28க்குப் பதில் 15 மி.மீ. பொம்மைகளை எடுத்துக்கொண்டு, விதிநூலில் வரும் ஒவ்வோர் அங்குலத்தையும் ஒன்றரை செ.மீ. என்று அளங்கள். 72 அங்குலம் 108 செ.மீ. ஆகிவிடும், 48 அங்குலம் 72 செ.மீ. ஆகிவிடும். 120க்கு 75 சாப்பாட்டு மேசையில் முழு ஆட்டமும் ஓரத்தில் பகடை உருட்ட இடத்தோடு அடங்கிவிடுகிறது. பொம்மையின் உயரம் ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது, தூரமும் கிட்டத்தட்ட அதே விகிதத்தில் குறைகிறது, ஆகவே பார்வைக்கு எதுவும் உறுத்தாது. அங்குலத்தை நேராக ஒரு செ.மீ. ஆக்கியவர்களும் உண்டு. அதில் அணிகள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும், குதிரைப்படையைத் திருப்ப இடம் இருக்காது. அட்டையில் ஒன்றரை செ.மீ.க்கு ஒரு கோடு போட்டு நான்கு அளவுகோல் செய்து ஆளுக்கு ஒன்று கொடுத்துவிட்டால் மனக்கணக்கே வேண்டாம். வண்ண வேலையும் மூன்றில் ஒரு பங்காகும், ஏனென்றால் 15 மி.மீ. முகத்தில் கண் வரைய யாரும் கேட்க மாட்டார்கள்.

சிப்பாய்கள் 15 மி.மீ.யில் தாராளமாகக் கிடைக்கிறார்கள். நடக்கும் எந்திரங்கள், முக்காலிகள் குறைவு. அவற்றை நீங்களே கட்ட வேண்டியிருக்கும். சொல்லப்போனால் அதுதான் இந்த வழியின் இன்பம். மருந்து மாத்திரைக் குப்பி, பேனா மூடி, பழைய கடிகாரச் சக்கரம், பிளாஸ்டிக் உறிஞ்சுகுழல் ஆகியவற்றில் நல்ல கொதிகலன் பிறக்கும்.

வழி நான்கு: வான்கப்பல்கள்

1:1200 அளவில் 60 மீட்டர் நீளமுள்ள வான்கப்பல் 5 செ.மீ.தான். வெசெக்ஸ் கேம்ஸின் ‘ஏரோநெஃப்’ விதிகளும் பிரிகேட் மாடல்ஸின் உலோகக் கப்பல்களும் இந்த அளவில் உள்ளவை. ஆளுக்கு ஆறு கப்பல் போதும். இரண்டு மாலைகளில் வண்ணம் முடியும். முழுக் கடற்படையும் ஒரு சாப்பாட்டு டப்பாவுக்குள் போய்விடும். களம் என்றால் துணிதான்: சிராங்கூன் சாலைத் துணிக்கடையில் இரண்டு மீட்டர் நீலப் பருத்தித் துணி. பளபளக்கும் செயற்கை இழை வேண்டாம், அதில் கப்பல்களின் தாங்கிகள் வழுக்கும்.

காலி செய்யும் வேகத்தில் இதை அடிக்க எதுவும் இல்லை, பத்து நிமிடம் போதும். ஆனால் சிப்பாய்களோ பேராசிரியரோ இல்லாததால் கதை பேச ஆசைப்படுபவர்களுக்கு இது சீக்கிரம் வறண்டுவிடும். கவனிக்க வேண்டிய பொருள் மின்விசிறி. மெல்லிய கம்பியில் நிற்கும் கப்பல் மேற்கூரை மின்விசிறிக் காற்றில் ஆடும், விதிச்சீட்டுகள் பறக்கும். தாங்கியின் அடியில் கனமான இரும்பு வாஷர் ஒட்டினால் நிற்கும்.

இதே அளவில் பெரிய கப்பல்களோடு ‘டிஸ்டோபியன் வார்ஸ்’ இருக்கிறது. பார்க்க மிக அழகு. அதைத் தொடங்கிய ஸ்பார்ட்டன் கேம்ஸ் 2017ல் மூடப்பட்டு, உரிமை வார்கிரேடிலுக்குப் போய், விதிகளும் மாறின. ஒரே நிறுவனத்தின் விதி, பொம்மை, பகடை மூன்றையும் நம்பி இறங்கும்போது இந்த அபாயத்தைக் கணக்கில் வைக்க வேண்டும். மேலே சொன்ன மூன்று வழிகளிலும் யாருடைய பொம்மையையும் யாருடைய விதியோடும் ஆடலாம். எந்தக் கடை மூடினாலும் உங்கள் ஆட்டம் நிற்காது.

பொம்மை: உலோகமா, பிளாஸ்டிக்கா, ரெசினா?

பிளாஸ்டிக் பெட்டிகள் காலாட்படைக்கு மலிவு, லேசு, அஞ்சல் செலவும் குறைவு. உலோகம் கனம், ஆனால் தனித்தன்மையுள்ள பாத்திரங்கள் உலோகத்தில்தான் அதிகம். துப்பாக்கிக் குழல் வளைந்தாலும் விரலால் நிமிர்த்திவிடலாம், அதையே பலமுறை செய்தால் முறியும். திரவப் பிசினைப் பொம்மையாக இறுக்கும் ரெசின் அச்சு எந்திரம் வைத்திருக்கும் நண்பர் இருந்தால் எந்திரங்களுக்கு அதுவே சிறந்தது. எனினும் மெல்லிய ரெசின் கால்கள் நம் வெயிலில், குறிப்பாகச் சன்னலோரம் வைத்தால், எடை தாங்காமல் மெல்ல மெல்ல வளையும். வெந்நீரில் அரை நிமிடம் அமிழ்த்தி நிமிர்த்தி, உடனே குளிர்ந்த நீரில் போட்டால் வடிவம் நிற்கும். கனமான முக்காலிக்குக் காலுக்குள் எஃகுக் கம்பி செருகுவதே நிரந்தர வழி. ரெசின் அச்சை வீட்டில் தொடங்க நினைப்பவர்கள் வாடையையும், கழுவப் பயன்படும் ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும் என்பதையும் முதலில் யோசிக்க வேண்டும். படுக்கையறையில் அந்த எந்திரத்துக்கு இடமில்லை.

ஆட்டம் பிடிக்குமா என்றே தெரியாத நிலையில் காகித வீரர்கள் போதும். கெட்டித் தாளில் முன்பக்கம், பின்பக்கம் அச்சிட்டு, மடித்து ஒட்டி, அடியில் வாஷர் வைத்தால் ஒரே மாலையில் இரண்டு படை தயார். மூன்று ஆட்டம் ஆடிப் பார்த்துவிட்டுப் பணம் செலவழியுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும்போது நால்வரும் சேர்ந்து ஒரே பொதியாக வாங்கினால் அஞ்சல் செலவு பங்கிடப்படும். ஆனால் அஞ்சல் செலவும் காப்புறுதியும் சேர்த்துப் பொதியின் மதிப்பு 400 வெள்ளியைத் தாண்டினால் இங்கே வந்திறங்கும்போது 9 விழுக்காடு பொருள் சேவை வரி கேட்பார்கள். 2023லிருந்து, பதிவு பெற்ற வெளிநாட்டு விற்பனையாளர்கள் அதற்குக் குறைந்த மதிப்புள்ள பொருளுக்கும் வாங்கும்போதே வரியைச் சேர்த்துவிடுகிறார்கள். தெளிப்பான் டப்பாக்கள் விமான அஞ்சலில் வராது. வண்ணத்துக்கு முன் பூசும் பிரைமரையும் கடைசியில் பூசும் வார்னிஷையும் உள்ளூரிலேயே வாங்குங்கள்.

பொம்மை நிற்கும் அடித்தட்டுக்குப் பிரிட்டனில் பலர் சில்லறைக் காசை ஒட்டுவார்கள். நம் ஒரு வெள்ளி நாணயம் 24.65 மி.மீ., அளவில் கச்சிதம்தான். ஆனால் சிங்கப்பூரில் நாணயத்தைச் சிதைப்பது சட்டப்படி குற்றம், ஆகவே அந்த யோசனையே வேண்டாம். பேட்டை ஹார்ட்வேர் கடையில் எம்8 அகல வாஷர் கேளுங்கள். வெளி விட்டம் 24 மி.மீ., கனம் 2 மி.மீ. துளையை மாஸ்கிங் டேப்பால் மூடி மேலே பசையும் மணலும் போட்டால் தெரியாது. இரும்பு என்பதால் இன்னொரு பயனும் உண்டு: பிளாஸ்டிக் பெட்டியின் அடியில் காந்தத் தாள் ஒட்டினால் நாற்பது வீரர்களும் அசையாமல் நிற்பார்கள். ரயிலில் கொண்டுபோனாலும் துப்பாக்கி முறியாது, ஆட்டம் முடிந்து அடுக்கவும் ஐந்து நிமிடம் ஆகாது. துருப்பிடிக்கா எஃகு வாஷரில் பல வகை காந்தத்தில் ஒட்டாது, வாங்குமுன் சோதித்துவிடுங்கள்.

காற்றில் இருக்கும் நீர்

விதிநூல்களோ வெளிநாட்டுக் காணொளிகளோ சொல்லித் தராத பாடம் இது. இங்கே சராசரி ஈரப்பதம் ஏறக்குறைய 82 விழுக்காடு. விடியற்காலையில் 90ஐத் தாண்டும், மழையில்லாத பிற்பகலில் 60 அளவுக்கு இறங்கும். வேலை முடிந்து இரவு ஒன்பது மணிக்குப் பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் தெளித்தால், மறுநாள் படை முழுதும் வெள்ளைப் பூஞ்சணம் போர்த்தியதுபோல் நிற்கும். தெளித்த திரவம் காய்வதற்குள் காற்றின் ஈரம் அதில் சிக்கிக்கொள்வதால் வரும் மூட்டம் அது. பளபளப்பு வார்னிஷைத் தூரிகையால் ஒரு பூச்சு பூசினால் பெரும்பாலும் தெளிந்துவிடும், பிறகு மேட் வார்னிஷையும் தூரிகையாலேயே பூசுங்கள். தெளிக்கத்தான் வேண்டும் என்றால் மழையில்லாத நாள், பிற்பகல் இரண்டிலிருந்து நான்கு மணிக்குள். பொதுத் தாழ்வாரத்தில் தெளித்தால் அண்டை வீட்டுக்காரர் துணியில் சாம்பல் நிறம் படியும். தூரிகையில் பூசும் பிரைமர் நேரம் எடுக்கும், ஆனால் எந்த மணிக்கும் பூசலாம். அடுக்குமாடி வாழ்க்கைக்கு அதுவே ஏற்றது.

சூப்பர் குளூ ஈரத்தால் இறுகும் பசை. இங்கே அது நொடியில் பிடிக்கும், கூடவே திறந்த குப்பி ஒரு மாதத்தில் கல்லாகும். சிறிய குழாய்களாக வாங்கி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். நிறையப் பசை போட்டால் ஒட்டிய இடத்தைச் சுற்றி வெண்படலம் படரும். ஊசி முனையில் ஒரு சொட்டு போதும்.

களத்தில் காடு அமைக்கத் தேங்காய் நார்க் கால்மிதியைக் கத்தரித்தால் அருமையான உயர்புல் கிடைக்கும், மீன்தொட்டிப் பிளாஸ்டிக் செடிகள் நல்ல மழைக்காடு ஆகும். நாரை வெயிலில் நன்றாகக் காயவைக்காமல் பெட்டியில் பூட்டினால் பூஞ்சை பிடிக்கும். அட்டையில் கட்டிய வீடுகளும் அப்படியே, ஓராண்டில் நெளியும். பிவிசி நுரைப்பலகையில் கட்டினால் அந்தக் கவலை இல்லை.

யாருக்கு எது?

இரண்டு பேர்தான் தவறாமல் வருவார்கள், மேசை சிறியது, கதை பிடிக்கும் என்றால் முதல் வழி. நான்கு பேர், அவர்களில் ஒருவர் நடுவர் வேலையை விரும்பிச் செய்வார் என்றால் இரண்டாவது. வண்ணம் பூசுவதே தியானம் என்பவருக்கும், படைவரிசை பார்த்தால் நெஞ்சு நிறைபவருக்கும் மூன்றாவது, அதுவும் 15 மி.மீ.யில். கைக்குழந்தை உள்ள வீடு, ஒன்றரை மணி நேரம்தான் கிடைக்கும் என்றால் வான்கப்பல்.

மூன்றாவது வழியில் ஒரு சங்கடம் இருப்பதைச் சொல்லியாக வேண்டும். காலனியப் போர் விதிகளில் ஒரு தரப்பு பெரும்பாலும் வெள்ளைக்காரப் படை, மறுதரப்பு சுடப்படுவதற்காகவே ஓடிவரும் உள்ளூர்க் கூட்டம். தமிழர்கள் சுற்றி உட்கார்ந்து ஆடும் மேசையில் அது உறுத்தத்தான் செய்யும், உறுத்தவும் வேண்டும். அறிவியல் புனைவு இங்கே பெரிய உதவி. எதிரியைச் செவ்வாய்க்காரர்களாக மாற்றலாம், அல்லது இரு தரப்புக்கும் சம வலிமையுள்ள எந்திரங்களைக் கொடுக்கலாம். சிங்கப்பூரில் காவல் இருந்த மெட்ராஸ் நேட்டிவ் இன்ஃபண்ட்ரி (பிரிட்டிஷ் ஆட்சியின் சென்னைக் காலாட்படை) சிப்பாய்களுக்கு வண்ணம் பூசி, அவர்களையே கதையின் நாயகர்களாக்கலாம்.

களத்தையும் தொலைவில் தேட வேண்டாம். 1885ல் ரஷ்யக் கப்பல்கள் வருமோ என்ற அச்சம் இந்தத் துறைமுகத்தில் உண்மையிலேயே இருந்தது. தஞ்சோங் பகாரில் நீராவிக் கப்பல்களுக்கான நிலக்கரி குவிந்து கிடந்தது. 1871லிருந்து கடலடித் தந்திக் கம்பி சென்னை வழியாக ஐரோப்பாவுடன் நம்மை இணைத்திருந்தது, அந்தக் கம்பிகளுக்கு உறை போட்ட கட்டாபெர்ச்சா பிசினுக்குச் சிங்கப்பூர்தான் சந்தை. முதல் ஆட்டத்துக்கு இது போதும்: களத்தின் நடுவே மூன்று நிலக்கரிக் குவியல், ஓர் ஓரத்தில் தந்திக் குடிசை. வான்கப்பலிலிருந்து இறங்கிய இருவர் குவியல்களைக் கைப்பற்ற வருகிறார்கள், மற்ற இருவர் காக்கிறார்கள். குவியலைத் தொட்டு நிற்கும் எந்திரத்துக்கு அந்தச் சுற்றில் ஓடும் எண்ணில் 1 கூடும். ஆறு சுற்று. ஏழரைக்குத் தொடங்கினால் பத்துக்குள் முடியும். நிலக்கரிக்கு மீன்தொட்டிக் கருங்கல் பொடியைப் பசையில் குழைத்து வாஷர்மேல் குவித்து வையுங்கள், ஒரு குவியலுக்கு இரண்டு தேக்கரண்டி, காய ஒரு முழு நாள்.